கொல்லிப் பாவையும் மகளிர் எழுதிய பாவைகளும்

சங்கச் சான்றோர் பாடிய மலைகள் பல. பறம்பு பாரியால் விளங்கிற்று. பொதியில் ஆயால் விளங்கிற்று. கொல்லியோ வல்வில் ஓரி என்னும் வள்ளலால் விளங்கியதோடு அமையாது, ஒரு பெண்ணுருவாலும் விளங்கிற்று. அவ்வுருவே கொல்லிப் பாவை எனப்படுவது.

இம்மலை 1997இல் சேலத்தினின்று பிரிக்கப்பெற்ற நாமக்கல் மாவட்டத்தின்கண், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாய், ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கின்றது. அடிவாரத்துக் காரவள்ளியினின்று 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறுவார் செம்மேட்டையும், அறப்பளீசுரர் கோயிலையும், ஆகாய கங்கை அருவியையும் காண்பர். எட்டுக்கை அம்மன் கோயிலும் அங்கு உளது. அவ்வம்மனே பழைய கொல்லிப் பாவை என்பது அப்பகுதியார் நம்பிக்கை. அந்நம்பிக்கையை நிறுவுதலோ மறுத்தலோ ஈண்டு நம் வேலையன்று. பாவையை ஆக்கியோர் யார், அதனைக் கண்டு பேசியோர் யார் என்னும் வினாக்களை முதற்கண் எழுப்பி, பெண்ணின் உருவைப் பெண்டிரே எழுதியும் எழுத்தொடு சேர்த்துப் பலர் காண வைத்தும் வந்த அண்மைக்கால வரலாற்றை அவ்வினாக்களின் ஒளியில் நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பாவையைப் பேசுவோர்

பாவையைக் குறிக்கும் பாட்டுக்களுள் ஏழனை எடுத்துக்கொள்வோம். அவை குறுந்தொகையில் 89, 100. நற்றிணையில் 185, 192, 201. அகநானூற்றில் 62, 209 என்பன. இவற்றுள் மூன்று பரணர் பாடியன. ஒன்று கபிலர் பாடியது. ஒன்று கல்லாடனார் பாடியது. நற்றிணை 185, 192 ஆகியவற்றைப் பாடினோர் பெயர் கிடைத்திலது.

ஆக்கியோர் யார் என நோக்குமிடத்து, சில பாட்டுக்கள் தெய்வம் என்றும், சில கடவுள் என்றும், ஒன்று பூதம் என்றும் கூறுகின்றன. மக்கட் கைவினைஞர் ஒருவரேனும் சுட்டப்படவில்லை. நற்றிணை 201ஆம் பாட்டில் பரணர், காற்று மோதினும் மழை கடுகினும் இடி எறியினும் நிலமே நடுங்கினும் தன் வனப்பு மாறாத உருவம் அது என்கின்றார். மூவாத, பேசாத, நின்ற இடம் பெயராத ஒரு பெண்ணுரு பெண்மையின் நிறைவாகப் போற்றப்படுதலை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். உவமையாக வரும் பொருள் உயர்ந்ததாதல் வேண்டும் என்பர் இலக்கண நூலார். ஆயின் இவ்வுயர்வு எவர் கண்ணுக்கு உயர்வு என்னும் வினாவை நம் உரையாசிரியர்கள் எழுப்பினாரல்லர். அவர்கள் காலத்தில் அஃது எழவேண்டிய வினாவும் அன்று.

பேசுவோர் யார் என நோக்குவோம். ஏழனுள் ஐந்து தலைவன் கூற்று. பாங்கனிடம் தன் நோயை உரைப்பவனும், குறி தப்பித் தன் நெஞ்சொடு புலம்புபவனும், மலைவழியின் ஏதத்தைப் பொருட்படுத்தாது வருபவனும் பாவையை நினைக்கின்றனர். நற்றிணை 185இல் தலைவன், பாவை போன்ற அவள் தன்னைக் கொல்லக் கருதினாள் என வருந்துகின்றான். கண்டவன் இவன், காதலித்தவன் இவன், கொலைப்பழி மட்டும் காணப்பட்டவள் மேலது. நகைத்துக் கொல்லும் பாவை என்று இன்று பரவலாக வழங்கும் கதை இவ்வேழு பாட்டினும் இல்லை என்பதை மாணவர் மனங்கொள்க. கொல்லுதல் என்னும் கருத்து நற்றிணைப் பாட்டில் உண்டு; நகைத்தல் இல்லை. காதலன் ஒருவனின் மிகையுரையாக நின்றது, காலப்போக்கில் அவ்வுருவின் இயல்பாகவே ஆகிவிட்டது என்று கொள்ளுதல் பொருந்தும்.

எஞ்சிய இரண்டும் தோழி கூற்று. அவற்றுள் கல்லாடனாரின் அகப்பாட்டு வரலாற்றுக்குப் பெரிதும் பயன்படுவது. முள்ளூர் மன்னனாகிய காரி, ஓரியைக் கொன்று, பலாவின் பயன் மிக்க கொல்லியைச் சேரர்க்கு ஈந்த செய்தியை அது தருகின்றது. மலை கைமாறிற்று, பலா கைமாறிற்று, அவற்றோடு பாவையும் புதிய கோவின் உடைமையாயிற்று. குறுந்தொகை 100இல் பாவை ஓரியின் மலைக்கு உரியதாகவும், 89இல் பொறையன் மலைக்கு உரியதாகவும் கூறப்படுதலை இதனொடு வைத்து நோக்குக. வேந்தர் மாறியபோதும் பாவை மாறவில்லை எனப் பாராட்டுதல் எளிது. எவர் வென்றாலும் வென்றவர் புகழுக்கு அணியாக நின்றது அது என்பதே பாட்டுக்களால் நாம் அறியக்கிடப்பது.

இனி, குறுந்தொகை 89ஆம் பாட்டு. ஏழனுள்ளும் இதுவே தலையாயது என்பது என் துணிபு. தலைவி உரலில் தானியம் குற்றுகின்றாள். குற்றும்போது வள்ளைப்பாட்டுப் பாடுகின்றாள். அயலார் அப்பாட்டைப் பற்றி அலர் தூற்றுகின்றனர். இப்பேதையூரின் பேச்சுக்கு வருந்துவது எதற்கு என்பது தோழியின் வினா. அவ்வாறு வினவும் தோழி, அத்தலைவியைக் கொல்லிப் பாவைக்கு உவமிக்கின்றாள். ஏனை ஆறு பாட்டுக்களிலும் பாவை போன்றவள் காணப்படுகின்றாள், நினைக்கப்படுகின்றாள், அஞ்சப்படுகின்றாள், ஆறுதல் கூறப்பெறுகின்றாள். இப்பாட்டில் அவள் கை உலக்கை பிடித்திருக்கின்றது, வாய் பாடுகின்றது, அப்பாட்டு ஊரைப் பேசவைக்கின்றது. தெய்வம் ஆக்கிய உருவத்தோடு ஒப்பிடப்பட்டவளே ஒன்றை ஆக்குபவளாகவும் நிற்கின்றாள். பரணர் இதனைக் கருதியே அமைத்தார் என்று கூற யான் துணியேன். ஆயினும் உருவமும் பாட்டும், பிறர் படைத்ததும் தான் படைப்பதும், ஓரிடத்தே எதிரெதிர் நிற்பதைக் காணாதிருத்தல் இயலாது.

எழுதுதல் என்னும் சொல்

குறுந்தொகை 89, நற்றிணை 185, அகம் 62 ஆகியவற்றில் பாவை ஆக்கப்பட்டதைக் குறிக்க வரும் வினை எழுதுதல் என்பதே. பண்டைத் தமிழில் எழுதுதல் என்பது ஓவியம் வரைதலையும், உருவம் அமைத்தலையும், ஏட்டில் எழுத்துப் பொறித்தலையும் ஒருங்கே குறித்தது. கண்ணுக்கு மை எழுதினர். தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதினர். தொய்யிலைப் பெரும்பாலும் தலைவனே தலைவியின்மேல் எழுதுவதாகப் பாட்டுக்கள் கூறும். எழுதுபவன் ஆடவன், எழுதப்படும் ஏடு பெண் என்னும் இம்முறை அகப்பாட்டில் ஆழ வேரூன்றியது.

மலையாளத்தார் நிலத்தில் வண்ணப்பொடியால் தெய்வ உருவம் அமைத்தலை இன்றும் களமெழுத்து என்பர். மிதிலைப் பெண்டிர் தம் வீட்டுச் சுவரில் ஓவியம் தீட்டுவதை எழுதுவதாகவே கூறுவர். நம் வீட்டு வாயிலில் நாள்தோறும் கோலம் இடுபவளை ஓவியர் என்று எவரும் அழைத்ததில்லை. காலையில் இட்டதை மாலைக்குள் கால்கள் அழித்துவிடுகின்றன. தெய்வம் எழுதியது காற்றுக்கும் மழைக்கும் அழியாது நிற்பதாகப் பாடிய இலக்கியம், பெண் எழுதியது ஒரு பகலும் நில்லாமையை ஒரு செய்தியாகக் கருதவில்லை.

சாவகத்திலிருந்து ஒரு சான்று

ஓவியமும் எழுத்தும் இணைந்து பெண்டிரின் முயற்சியாகப் பொதுமக்கள் முன் வைக்கப்பட்ட தொடக்ககால நிகழ்ச்சிகளுள் ஒன்று 1898இல் நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரில் நடந்த பெண் உழைப்புத் தேசியக் கண்காட்சி. அவ்வாண்டு வில்ஹெல்மினா அரசியின் முடிசூட்டு விழாவை ஒட்டி அஃது அமைக்கப்பட்டது. அதன் தலைவி செசீல் கூக்கோப் என்னும் நாவலாசிரியை. முந்திய ஆண்டு, 1897இல், அவர் எழுதிய ஹில்டா வான் சாய்லன்பர்க் என்னும் நாவல், பெண்ணுக்குக் கல்வியும் தொழிலும் சட்டவுரிமையும் வேண்டும் என வாதிட்டு அந்நாட்டில் பெரும் பூசலை விளைத்திருந்தது. நாவலில் வாதமாக நின்றதைக் கண்காட்சி பொருளாகவும் புள்ளிவிவரமாகவும் காட்டிற்று. தையற்காரியின் கூலியும் நெசவுப் பெண்ணின் வேலைநேரமும் காட்சிப்பொருள் ஆயின. கிடைத்த ஊதியத்தைக் கொண்டு பெண் உழைப்புக்கென ஒரு நிலையம் நிறுவப்பட்டது.

அக்கண்காட்சிக்குச் சாவகத் தீவின் ஜெப்பாராவிலிருந்து ஒரு பொதி வந்தது. விடுத்தவர்கள் கார்த்தினியும் அவர்தம் தங்கையரும். 1879இல் பிறந்த கார்த்தினி, 12 வயது அளவில் பள்ளியினின்று நிறுத்தப்பட்டு, அக்குலப் பெண்களின் வழக்கப்படி வீட்டுக்குள் அடைக்கப்பட்டவர். பொதியில் அவர்கள் கையாற் செய்த பாத்திக் துணிகள் இருந்தன. துணிகளோடு, உருகிய மெழுகைக் கொண்டு கோலம் வரைந்து சாயம் ஏற்றும் முறையை முதலிலிருந்து முடிவுவரை விளக்கும் கட்டுரை ஒன்றும் கார்த்தினியின் கையெழுத்தில் இருந்தது. கையால் வரையும் அத்துணிக்கு மலாய் மொழியிலும் சாவக நாட்டிலும் வழங்கும் பெயர் பாத்திக் துலிஸ் என்பது. துலிஸ் என்பதன் பொருள் எழுதுதல். தமிழின் எழுதுதல் போலவே இச்சொல்லும் வரைதல், எழுத்துப் பொறித்தல் என்னும் இரண்டனையும் தழுவியது. துணியை எழுதியவரே அதனைப் பற்றியும் எழுதினார் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. பின்னர் டச்சு அறிஞர் இருவர் பாத்திக் கலை பற்றி வெளியிட்ட பெருநூலுக்கு அக்கையெழுத்து பயன்பட்டது. கார்த்தினி 1904இல், 25 வயதில், மகப்பேற்றை அடுத்து இறந்தார். அவருடைய கடிதங்கள் 1911இல் நூலாயின.

இந்நிகழ்ச்சியில் நிழலும் உண்டு. அதே கண்காட்சித் திடலில் சாவகச் சிற்றூர் ஒன்று செயற்கையாக அமைக்கப்பட்டு, சாவக மக்கள் அங்கே கொண்டுவந்து இருத்தப்பட்டனர். வருவோர் அவர்களைப் பார்த்துச் சென்றனர். டச்சுப் பெண் தன் உழைப்பைத் தானே காட்டினாள். சாவகப் பெண்ணோ மற்றொரு பாவையாகக் காட்டப்பட்டாள். கார்த்தினியின் கட்டுரை ஒன்றே அந்நிலையை ஒருசிறிது மாற்றிற்று. பெண் விடுதலை பேசும் கண்காட்சி எல்லாப் பெண்களையும் எழுதுபவராக நடத்தும் என்று கொள்ளுதற்கு இடமில்லை என்பதை முதற்சான்றே உணர்த்திவிடுகின்றது.

சுவரும் ஏடும்

இந்திய நாட்டில் இத்தகைய கூட்டுமுயற்சி வலுப்பெற்றது 1970களின் பின்னரே. பெண்டிர் நிலை குறித்து ஆராய அரசு அமைத்த குழு 1974இன் இறுதியில் சமத்துவத்தை நோக்கி என்னும் அறிக்கையை அளித்தது. அடுத்த ஆண்டு, 1975, அனைத்துலகப் பெண்கள் ஆண்டு. மதுரா என்னும் பழங்குடிச் சிறுமியின் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர் இருவரை விடுவித்ததும், அதனைக் கண்டித்துச் சட்டப் பேராசிரியர் நால்வர் 1979இல் திறந்த மடல் விடுத்ததும், 1980இல் பல நகரங்களில் பெண்கள் தெருவுக்கு வந்ததும் பலரும் அறிந்தன. அக்காலத்தில் பெண்கள் குழுக்களுக்குக் கையில் இருந்த கருவி சுவரொட்டி. ஒருத்தி படம் வரைவாள். மற்றொருத்தி வாசகம் எழுதுவாள். பெயர் பொறிக்கும் வழக்கம் இல்லை. ஒட்டிய சுவரொட்டி மழையில் நனைந்து கிழிந்து போகும். கோலத்தின் விதியே அதற்கும் விதி.

அவ்விதியினின்று ஒரு பகுதியை மீட்டவர்கள் தில்லியின் சுபான் பதிப்பகத்தார். உர்வசி புட்டாலியாவும் ரிது மேனனும் 1984இல் தொடங்கிய காளி ஃபார் விமன் என்னும் பெண்கள் பதிப்பகத்தின் வழிவந்தது அது. நாடெங்கும் இருந்த பெண்கள் அமைப்புகளின் பெட்டிகளிலும் அலமாரிகளிலும் கிடந்த சுவரொட்டிகளைத் திரட்டினர். ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்டவை கிடைத்தன. அவற்றைக் கண்காட்சியாகப் பல ஊர்களில் வைத்தனர். பின்னர் நூலும் ஆக்கினர். எங்கள் படங்கள், எங்கள் சொற்கள் எனப் பொருள்படும் அந்நூலின் பெயரே ஓவியரையும் எழுத்தாளரையும் ஒரு நிலத்தில் நிறுத்துகின்றது. சுவரொட்டி என்னும் பெயரால் இழிவாகக் கருதப்பட்ட ஒன்று வரலாற்று மூலமாக ஏற்கப்பட்டமை நம் துறைக்கும் பாடமாகத் தக்கது. நாம் கல்வெட்டைப் படியெடுப்போம், ஓலையைப் பதிப்பிப்போம், 1980களின் தமிழ்ச் சுவரொட்டி ஒன்றைத் தேடிப் பேணியவர் நம்முள் எத்துணையர்?

ஓவிய உலகில் பெருமையாகப் பேசப்படும் நிகழ்ச்சி வேறு. நளினி மலானி 1979இல் நியூயார்க்கில், பெண் ஓவியர் கூட்டுறவாக 1972 முதல் நடத்திவந்த ஏ.ஐ.ஆர். காட்சியகத்தைக் கண்டு திரும்பினார். அதன் விளைவாக அவரும் அர்ப்பிதா சிங், மாதவி பரேக், நீலிமா ஷேக் ஆகிய மூவரும் சேர்ந்து, 1987 முதல் 1989 வரை பல நகரங்களில் தம் நீர்வண்ண ஓவியங்களை ஒருங்கே காட்சிக்கு வைத்தனர். அஃது இந்திய ஓவிய வரலாற்றில் ஒரு திருப்பம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அங்கு எழுத்தாளர் பங்கு மிகச் சிறிது. வந்து கண்டோரும் காட்சியகம் செல்லும் பழக்கமுடைய நகரத்தாரே. அவர்களுள் நீலிமா ஷேக் 1984இல் வரைந்த சம்பா வரிசையை மட்டும் தனித்துச் சொல்லுதல் வேண்டும். தாம் அறிந்த ஓர் இளம்பெண், மணமாகிச் சென்று வரதட்சணைக் கொடுமைக்கு ஆளாகி எரிந்து மாண்டதை 12 சிறு ஓவியங்களில், கதை சொல்லும் முறையில் அவர் வரைந்தார். ஏடு புரட்டுவது போல ஒவ்வொன்றாகக் காணத்தக்க அவ்வரிசை, ஓவியம் எழுத்தாக நின்றதற்குச் சான்று.

என் மதிப்பீட்டில் இவற்றினும் மேலானது, நகர ஓவியர் எவரும் பேர்பெறாத ஒரு சிறு நூல். இராசஸ்தானத்துச் சிற்றூர்ப் பெண்கள் 75 பேர், பெண் உடலின் இயல்பையும் நோயையும் விளக்கும் நூல் ஒன்றைப் படத்தொடு தாமே ஆக்கினர். சரீர் கீ ஜான்காரி, அஃதாவது உடலைப் பற்றிய அறிவு, என்பது அதன் பெயர். முதற்படியில் ஆடையற்ற உருவங்களை வரைந்து ஊர்ப்பெண்களிடம் காட்டினர். ஊரில் எவரும் அவ்வாறு நிற்பதைக் கண்டதில்லை என்பது அவர்கள் தடை. வரைந்தவர்கள் சினக்கவில்லை, வேறு வழி கண்டனர். ஆடை அணிந்த உருவத்தையே வரைந்து, ஆடையின்மேல் தாளொன்றைத் தூக்கத்தக்க மடிப்பாக ஒட்டினர். வேண்டியவள் மடிப்பைத் தூக்கி உள்ளே உடலைக் காணலாம், மூடியும் விடலாம். காளி ஃபார் விமன் அதனை 1989இல் அச்சிட்டது. இதில் படம் வரைந்தவர் வேறு, வாசகம் எழுதியவர் வேறு, காண்போர் வேறு என்னும் பிரிவே இல்லை. எதைக் காட்டுவது, எவ்வளவு காட்டுவது, எப்பொழுது மூடுவது என்பதைக் காட்டப்படும் உடலுக்கு உரியவரே முடிவு செய்தனர். தொய்யில் எழுதப்பட்ட உடல் தானே எழுதுகோலை வாங்கிக்கொண்டது.

தமிழ் எழுத்தாளரின் ஆவணக்களம்

இவ்வரலாற்றில் தமிழுக்குரிய இடம் சிறிதன்று. 1988இல் மும்பையில் ஸ்பாரோ என்னும் பெண்கள் ஆவணக்களம் தொடங்கப்பட்டது. அப்பெயர் சிட்டுக்குருவியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். ஒலியாலும் படத்தாலும் பெண்டிர் வரலாற்றைத் திரட்டும் காப்பகம் என்பதன் சுருக்கமும் ஆகும். நிறுவியோர் சமூகவியல் அறிஞர் நீரா தேசாய், பொருளியல் அறிஞர் மைத்ரேயி கிருஷ்ணராஜ், அம்பை என்னும் புனைபெயரால் நாம் அறிந்த சி. எஸ். லட்சுமி ஆகிய மூவர். சிறகுகள் முறியும் என்னும் தொகுப்பால் 1976இலும், வீட்டின் மூலையில் ஒரு சமையலறை என்னும் தொகுப்பால் 1988இலும் தமிழ்ச் சிறுகதையின் போக்கை மாற்றியவர் அவர். தமிழ் இலக்கியத்தில் பெண்டிர் பற்றிய அவரது ஆங்கில ஆய்வுநூல் 1984இல் வெளிவந்தது. 2021ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசும் அவர்க்குக் கிடைத்தது.

ஒரு சிறுகதை ஆசிரியர் ஏன் ஆவணக்களம் நடத்தவேண்டும்? அவர் கதைகளே இதற்கு விடை தருகின்றன. வெளிப்பாடு என்னும் கதையில், பெண்களின் வாழ்வை அறியவேண்டி ஊர்ஊராகச் செல்லும் ஒருத்தி, அடுக்களையில் வாழ்நாளைக் கழித்த பெண்டிரொடு உரையாடுகின்றாள். கேட்பவள் குறிப்பெடுப்பதும், சொல்பவள் அதுவரை எவரும் வினவாததைச் சொல்வதுமே கதை. ஸ்பாரோ அதே செயலை நிறுவனமாகச் செய்தது. எழுத்தாளரும் ஓவியரும் நடனமாதரும் இசைவாணியரும் போராட்டப் பெண்களும் தம் வரலாற்றைத் தம் குரலில் கூறப் பதிவு செய்தனர். 1990களின் பிற்பகுதியில், கலைஞர் ஒருவரை மாணவர் முன் இருத்தி, அவருடைய நிழற்படங்களையும் படைப்புகளையும் காட்டி உரையாடச் செய்யும் பட்டறைகளை நடத்தினர். இசைவாணியர் உரையாடல்கள் 2000இலும், நடனமாதர் உரையாடல்கள் 2003இலும் நூலாயின. சுவரொட்டிகள், கேலிச்சித்திரங்கள், பழைய நிழற்படங்கள், கண்காட்சிகள் எனப் பல வகையான் அப்பணி விரிந்தது. பாவை பேசாது என்பது கொல்லியின் கதை. ஸ்பாரோவில் முதலில் பேச்சு, பின்னரே படம்.

ஈழத்தில் இம்முயற்சி வேறு சூழலில் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் சொல்லாத சேதிகள் என்னும் தொகுப்பை வெளியிட்டது. சித்திரலேகா மௌனகுருவின் முன்னுரையுடன் பத்துப் பெண்களின் கவிதைகள் அதில் உள்ளன. போரின் நடுவே, தனித்தனியே எழுதியவர்களை ஓரிடத்தில் நிறுத்திய அளவில் அதுவும் ஒரு காட்சியரங்கே. அப்பதின்மருள் ஒருவராகிய சிவரமணி 1991இல் தம் கவிதைகளை எரித்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். பெண் எழுதியது நிலைபெறாமைக்கு மழையும் காலடியும் மட்டுமே காரணம் அல்ல.

தமிழகத்தில் 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பெண் கவிஞர் பலர் ஒருங்கே தோன்றியபோது, அவர்கள் சொற்களை ஆபாசம் என இகழ்ந்த பூசல் 2003 அளவில் எழுந்தது. மாலதி மைத்ரி தாம் நடத்திய ஏட்டுக்கு அணங்கு எனப் பெயரிட்டார். சங்கப் பாட்டில் ஆடவனை வருத்தும் பெண்ணழகின் ஆற்றலுக்கு அணங்கு என்று பெயர். கொல்லிப் பாவையின் உடன்பிறப்பாகிய அச்சொல்லைப் பெண்கள் தம் ஏட்டின் முகப்பில் பொறித்தமை வெறும் அலங்காரம் ஆகாது. பழி சுமத்திய சொல்லைப் பழிக்கப்பட்டவரே எடுத்து ஆளும்போது அதன் பொருள் இடம் மாறுகின்றது.

சேலத்து ஊர்களில்

இனிக் கொல்லியின் அருகே வருவோம். கொல்லி அடங்கிய பழைய சேலம் மாவட்டம், 1990களின் தொடக்கத்தில் பெண்சிசுக் கொலையால் நாடறிந்தது. அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் தொடங்கியது அம்மாவட்டத்திலேயே. அவ்வாண்டுகளில் சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில், மீனா சுவாமிநாதனும் நாடக இயக்குநர் அ. மங்கையும், மௌனத்துக்குக் குரல் தருதல் எனப் பொருள்படும் பெயரால் ஒரு பெண்கள் அரங்கத் திட்டத்தை நடத்தினர். அதன்வழிப் பிறந்த பச்ச மண்ணு என்னும் நாடகம் பெண்சிசுக் கொலையைப் பொருளாகக் கொண்டது. பூப்பு, மணம், வளைகாப்பு, மகப்பேறு எனப் பெண்ணின் வாழ்வில் ஊரார் நடத்தும் சடங்குகளையே அது காட்சிகளாக அடுக்கிற்று. பார்ப்போர்க்கு அறிமுகமான பாட்டும் குலவையும் ஒலிக்க, அச்சடங்குகள் எங்ஙனம் பெண்மகவைச் சுமையாக்குகின்றன என்பதை அவர்களே கண்டு பேசும்படி அமைத்தனர். கொலை செய்தவளைக் குற்றக்கூண்டில் நிறுத்துதல் அதன் நோக்கமன்று. அதனை நல்ல தீர்ப்பு என்றே யான் கருதுகின்றேன். சிசுவைக் கொன்ற தாயைக் கொல்லும் பாவை ஆக்கிக் காட்டுதல் எளிதாயிருந்திருக்கும். செய்தித்தாள்கள் பல அதனையே செய்தன.

அத்திட்டத்திலேயே கவிஞர் இன்குலாப் எழுதிய ஔவை நாடகத்தையும் மங்கை அரங்கேற்றினார். கோலூன்றிய மூதாட்டியாகத் திரைப்படமும் பாடநூலும் பதித்த உருவை நீக்கி, யாழேந்தி நாடு திரிந்த இளம் விறலியாகச் சங்கப்பாட்டின் ஔவையை அது மேடையேற்றிற்று. நாம் வகுப்பில் ஔவையார் பலர் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகின்றோம். ஆயினும் மாணவர் நெஞ்சில் மூதாட்டி உருவே நிற்கின்றது. உருவத்தை மாற்றுதற்கு உருவமே வேண்டும் என்பதை அரங்கத்தார் நம்மினும் நன்கு உணர்ந்திருந்தனர்.

அதே ஆராய்ச்சி நிறுவனத்தின் வேறொரு பிரிவு 1990கள் முதல் கொல்லிமலையிற் பணியாற்றிவந்தது. சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்களின் இடத்தைச் சவ்வரிசி ஆலைகளுக்கு அனுப்பும் மரவள்ளி பிடித்துக்கொண்ட காலம் அது. சிறுதானியம் கைவிடப்பட்டதற்கு விலை மட்டும் காரணம் அன்று. சாமையை உமி நீக்கி அரிசியாக்குதல் பெரும்பாடு. அப்பாடு முழுதும் பெண்ணின் தோளுக்கே உரியது. வயலில் வேலை முடித்து வந்தவள் உரலடியில் நிற்கவேண்டும். இதனை அறிந்து, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மலையூர்களில் மகளிர் குழுக்கள் நடத்தும் சிறு அரவைப் பொறிகள் நிறுவப்பட்டன. குற்றும் வேலை குறைந்தது.

பரணர் பாட்டின் உரலும் வள்ளையும் ஈண்டு நினைவுக்கு வரும். பொறி வந்தால் வள்ளைப்பாட்டு மறையுமே என நாட்டுப்பாடல் தொகுப்பார் வருந்தக்கூடும். அவ்வருத்தத்தில் எனக்கு உடன்பாடில்லை. பாட்டின் அழகுக்காக ஒருத்தி நாள்தோறும் உலக்கை பிடிக்கவேண்டும் என எதிர்பார்த்தல், மழையிலும் இடியிலும் பாவை அசையாது நிற்கவேண்டும் என விரும்பிய தலைவனின் மனநிலையின் வேறன்று. செய்யத்தக்கது வேறு உண்டு. குற்றிய கைகளையுடைய முதிய மகளிர் இன்னும் அம்மலையில் உள்ளனர். அவர்கள் பாடியன எவை, அவற்றை எவரைக் குறித்துப் பாடினர், ஊர் அதற்கு என்ன பேசிற்று என்பனவற்றை அவர்கள் பெயரோடும் அவர்கள் ஒப்புதலோடும் பதிவு செய்தல் வேண்டும். பதிவின் ஒரு படி அவ்வூர்ப் பள்ளியில் இருத்தல் வேண்டும். கார்த்தினியின் துணியோடு அவர் கட்டுரையும் சென்றது போல, பாட்டோடு பாடியவள் தன் பாட்டைப் பற்றிக் கூறும் சொல்லும் சேர்ந்து வருதல் வேண்டும். முதுகலை மாணவர் இருவர் மூவர் ஓராண்டு அம்மலையில் தங்கினால் இது முடியும். மாணவியராயின், அடுக்களை வரை சென்று அமர்ந்து கேட்கலாம்.